பொட்டு வைத்த ஃபிளாப்பிகள்

காந்தம் என்றால் எனக்குப் பயம் வந்தது கம்ப்யூட்டர் படிக்கப் போன பிறகுதான். அதற்கு முன்பு அது விளையாட்டுச் சாமான். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி ஆற்று மணலில் இழுத்துக்கொண்டே போவோம். தாமிரபரணி மணலில் கருப்பாக ஒரு பொடி கலந்து கிடக்கும். அது காந்தத்தில் முடி முளைத்த மாதிரி அப்பிக்கொண்டு வரும். அந்தப் பொடியைக் காகிதத்தில் கொட்டி அடியில் காந்தத்தை நகர்த்தினால், பொடி எழுந்து நின்று, திரும்பி, மறுபடியும் படுக்கும். காந்தத்தை எடுத்துவிட்டால் திரும்பியது திரும்பியபடியே கிடக்கும். அதில் இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மாடியில் இருந்தது நான் படித்த கம்ப்யூட்டர் சென்டர். செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். முதல் வாரத்திலேயே கெட்டுப்போன ஒரு ஃபிளாப்பியைக் கத்தரிக்கோலால் வெட்டி எங்களுக்குக் காட்டினார்கள். கருப்பு அட்டைக்குள் வெள்ளைத் துணி ஒட்டியிருந்தது. அதற்குள் மெல்லிய வட்டமான பிளாஸ்டிக் தகடு. அதன் மேல் துரு நிறத்தில் ஒரு பூச்சு. துரு நிறம் மட்டுமல்ல, அது உண்மையிலேயே துருவின் உறவுதான், இரும்புப் பொடியைப் பசையில் குழைத்துப் பூசியது என்றார்கள். என் ஆற்று மணல் பொடி ஞாபகத்துக்கு வந்தது.

டிரைவுக்குள் இருக்கும் ஹெட் என்பது, கம்பி சுற்றிய குட்டிக் காந்தம். அதில் மயிரிழை போல ஓர் இடைவெளி. கம்பியில் மின்சாரம் ஒரு பக்கமாகப் போனால் அந்த இடைவெளிக்குக் கீழே வரும் பொடி ஒரு பக்கம் திரும்பும். மின்சாரத்தை மாற்றி விட்டால் பொடி மறுபக்கம் திரும்பும். தகடு சுற்றிக்கொண்டே இருப்பதால் திரும்பியதும் திரும்பாததுமாக ஒரு வளையம் முழுக்க எழுதப்பட்டுவிடும். படிக்கும்போது எல்லாம் தலைகீழ். ஹெட் சும்மா இருக்கும், தகடு கீழே ஓடும். பொடியின் திசை மாறும் ஒவ்வொரு இடமும் ஹெட்டைத் தாண்டும்போது கம்பியில் துளி மின்சாரம் கிளம்பும். அந்தத் துளிகள் எங்கெங்கே வந்தன, எங்கெங்கே வரவில்லை என்பதைக் கணக்கிட்டுத்தான் மிஷின் நம் எழுத்தைத் திருப்பித் தருகிறது.

இதைக் கேட்ட மற்றவர்களுக்கு ஆச்சரியம் வந்தது. எனக்குக் கலக்கம் வந்தது. அப்படியானால் நான் நாள்கணக்கில் உட்கார்ந்து தட்டப்போவதெல்லாம் வெறும் பொடி திரும்பிப் படுத்திருக்கும் நிலைதானா? கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட்டுப் பார்க்க முடியாது. ஒரு காந்தம் பக்கத்தில் வந்தால் சத்தமே இல்லாமல் போய்விடும். போனது போட்டுப் பார்க்கும்வரை தெரியவும் தெரியாது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். அப்பா ஸ்ரீவைகுண்டம் பக்கம் அடுத்தவர் வயலில் வேலை பார்த்தார். அம்மாவும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். படிப்பு முடியும்போது எங்கள் பேட்சில் ஒருவரை அந்த சென்டரிலேயே இன்ஸ்ட்ரக்டராக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அவரவர் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுத வேண்டும். மதுரையிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். புரோகிராம் ஓடினால் வேலைக்கு வழி. ஓடாவிட்டால் மறுபடி அப்பாவோடு வயலுக்குப் போவதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நான் எழுதியது தண்ணீரைப் பற்றி. பாபநாசத்தில் தண்ணீர் திறந்தால் அது எந்த அணைக்கட்டுக்கு எப்போது வந்து சேரும் என்று சொல்லும் புரோகிராம். கடைமடையில் இருக்கும் எங்களுக்கு அதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. அப்பாவிடம் விளக்கிச் சொன்னேன். அவர் ஃபிளாப்பியை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணி வார நாளை இந்த அட்டையா சொல்லும்?"

"இதுல எழுதி வச்சிருக்கேன்பா. மிஷின் படிச்சுச் சொல்லும்."

"அப்ப மழை வருமான்னும் கேட்டுச் சொல்லு."

மாணவர்களின் மிஷின்களில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. அது ஆபீஸ் அறைக் கம்ப்யூட்டரில் மட்டும்தான். அதனால் எழுதியது எல்லாம் ஃபிளாப்பியில்தான் இருந்தது. பிரிண்ட் எடுக்க எங்களை விடமாட்டார்கள். காகிதத்தில் முதலில் எழுதியதை மிஷினில் மாற்றி மாற்றி, கடைசியில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிருந்தது. ஆகவே ஒரு நகல் வேண்டும் என்று இரண்டாவதாக ஒரு ஃபிளாப்பியும் வாங்கி வைத்திருந்தேன். நகல் எடுத்த பிறகு முதல் ஃபிளாப்பியில் ஒரு தப்பைத் திருத்தினேன். அதை நகலில் ஏற்றுவதற்குள் பூஜை விடுமுறை விட்டுவிட்டார்கள்.

இரண்டையும் வீட்டில் எங்கே வைப்பது என்பது பெரிய யோசனையாகிவிட்டது. அலமாரியில் ரேடியோ இருந்தது, ரேடியோவுக்குள் ஸ்பீக்கர், ஸ்பீக்கருக்குள் காந்தம். வாசல் பக்கம் அப்பாவின் சைக்கிள், சைக்கிளில் டைனமோ. அதற்குள்ளும் காந்தம். பெட்டிக்குள் வைத்தால் எலி. கடைசியில் எல்லாவற்றுக்கும் எட்டத்தில் இருந்தது சாமி படம் இருக்கும் சுவர்ப் பலகைதான். அங்கே என் பழைய புத்தகங்களுக்குப் பக்கத்தில், காகித உறையோடு சாத்தி வைத்தேன். ஒரு காந்தமும் கிட்டே வராத இடம் என்று நிம்மதியாக இருந்தது.

சரஸ்வதி பூஜை அன்று குளித்துவிட்டு நான் வருவதற்குள் அம்மா பூஜையை முடித்திருந்தாள். பலகைக்குக் கீழே மணை போட்டு, என் புத்தகங்கள், பேனா, அப்பாவின் மண்வெட்டி, அரிவாள் எல்லாம் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். புத்தகங்களுக்கு மேலே, உறையில்லாமல், என் இரண்டு ஃபிளாப்பிகள். இரண்டிலும் பொட்டு.

பெரிய ஃபிளாப்பியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சதுர அட்டைக்கு நடுவே ஒரு வட்ட ஓட்டை. அதிலிருந்து ஓர் ஓரம்வரை நீளமாக ஒரு திறப்பு. அந்தத் திறப்பு வழியாகத்தான் ஹெட் தகட்டைத் தொடும். மற்ற இடமெல்லாம் அட்டை மூடியிருக்கும். அம்மா பொட்டு வைத்தது மிகச் சரியாக அந்தத் திறப்பில், பளபளவென்று தெரிந்த தகட்டின் மேலே.

"ஏம்மா, இதுல எதுக்குப் பொட்டு வச்ச?"

"படிக்கிற சாமான்தானே. புஸ்தகத்துக்கு வச்சேன், பேனாவுக்கு வச்சேன், இதுக்கு மட்டும் வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

"உறையை எதுக்கு எடுத்த?"

"உறையோட வச்சா உள்ள என்ன இருக்குன்னு சாமிக்கு எப்படித் தெரியும்?"

அப்பா மண்வெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "ஒண்ணுக்கு வச்சாப் போதாதான்னு கேட்டேன்லே. ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு விட்டா அது ஏங்கிப் போவுமாம். உங்கம்மா சொல்லுதா."

நான் கையை நீட்டினேன். அம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய்யா, தொடாத. நாளைக்குக் காலைல மறுபூசை முடிஞ்சுதான் எடுக்கணும்."

"ஈரம் உள்ள போயிரும்மா."

"சரஸ்வதி கிட்ட இருக்குறது கெட்டுப் போவுமா? நல்ல நாளும் அதுவுமா வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

"ஒரு நாள் படிக்காட்டா என்ன கொள்ளையா போவுது?" என்றார் அப்பா. "வருசம் பூரா படிக்கத்தானே செய்யுத."

ஒன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து எல்லாவற்றுக்கும் அம்மா அந்த மணையில் வைத்துத்தான் பொட்டு வைத்திருக்கிறாள். நான் ஒரு வகுப்பிலும் தோற்றதில்லை. எழுத்துத் தெரியாத அவள் என் படிப்புக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அவள் சந்தனம் என் பிழைப்பைக் கெடுத்துவிடும் என்று எந்த வாயால் சொல்வது? பொரிகடலையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தனம் ஓரத்திலிருந்து வெளுத்துக் காயத் தொடங்கியது. ஈரமாக இருக்கும்போது துடைத்தால் ஒருவேளை வந்துவிடும். காய்ந்த பிறகு சுரண்ட வேண்டும். சுரண்டினால் பூச்சு வரும். பூச்சு வந்தால் எழுத்தும் அதோடு வரும்.

தேர்வு மறுநாளே. விஜயதசமி நல்ல நாள் என்று சென்டரில் அன்றைக்குத்தான் வைத்திருந்தார்கள்.

காலையில் மறுபூஜை முடிந்து, மணையை அம்மா லேசாக வடக்கே நகர்த்தியதும் ஃபிளாப்பிகளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸுக்கும் முதல் நாள் பூஜை போட்டிருந்தார்கள். வாழைக்கன்று இன்னும் முன்னால் கட்டியிருந்தது. டிரைவர் தலைக்கு மேலே ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே கடைசி சீட்டுக்குப் போனேன். அங்கே உட்கார்ந்த பிறகு தலைக்கு மேல் இன்னொரு ஸ்பீக்கரைப் பார்த்து, எழுந்து நடுவில் நின்றுகொண்டேன்.

"அண்ணாச்சி, சீட்டு கிடக்கு, உக்காரலாம்லா?" என்றார் கண்டக்டர்.

"இல்ல, நிக்கேன்."

"வேண்டுதலோ?"

செய்துங்கநல்லூர் தாண்டி, வெயில் ஜன்னல் வழியாக நன்றாக விழுந்தபோதுதான் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. பொட்டு இரண்டிலும் ஒரே இடத்தில் இல்லை. ஒன்றை அம்மா தலைகீழாக வைத்திருக்கிறாள். திறப்பு மேல் பக்கம் வந்ததால் அது நெற்றி மாதிரித் தெரிந்திருக்கும். மேலே, அட்டையின் ஓரத்தை ஒட்டிப் பொட்டு வைத்திருந்தாள். இன்னொன்றில் திறப்பு கீழே இருந்தது. அதில் நடு ஓட்டைக்கு நெருக்கமாக வைத்திருந்தாள்.

ஃபிளாப்பியில் எழுத்து வளையம் வளையமாக இருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாக நாற்பது வளையம். எழுதுவது வெளி வளையத்திலிருந்து தொடங்கி உள்ளே வரும். எந்தெந்தக் கோப்பு எந்த வளையத்தில் கிடக்கிறது என்ற விவரம் இருப்பது வெளி ஓரத்து வளையத்தில். அது போனால் மற்றது எல்லாம் பத்திரமாக இருந்தும் பயன் இல்லை. தெருப்பெயரும் கதவு எண்ணும் அழிந்த ஊரில் ஒரு வீட்டைத் தேடுகிற கதை. ஓரத்தில் பொட்டு வாங்கிய ஃபிளாப்பிக்கு அதுதான் கதி. ஆனால் நடுவில் பொட்டு வாங்கியதற்கு? உள் வளையங்கள் வரை நான் எழுதவே இல்லை. என் புரோகிராம் பாதித் தகட்டைக்கூட நிரப்பாது. அம்மாவின் பொட்டு காலி மனையில் விழுந்திருக்கிறது.

நெஞ்சு ஒரு நிமிஷம் லேசானது. உடனே லேபிளைப் பார்த்தேன். நடுவில் பொட்டு இருந்தது நகல். திருத்தம் ஏறாத பழையது.

சென்டரில் லேப் பொறுப்பு ஓர் அக்காவிடம் இருந்தது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எந்த டிரைவ் கெட்டாலும் முதலில் ஏச்சு அவருக்குத்தான். நான் ஃபிளாப்பியை நீட்டியதும் அவர் அதைத் தொடாமலே குனிந்து பார்த்தார்.

"இது என்னது?"

"சந்தனம்கா. அம்மா வச்சுட்டாங்க."

"இங்கனயும்தான் பூசை போட்டோம். டேபிள்ல வச்சோம், பெட்டி மேல வச்சோம். உங்கம்மா நேரா அது வயித்துலயே வச்சிருக்காங்க."

"இதுல ஒண்ணு ஓடும்கா. பொட்டு உள் வளையத்துல இருக்கு. என் புரோகிராம் வெளியத்தான் இருக்கு. ஹெட் அங்கன போகவே வேண்டாம்."

"நீ போக வேண்டாம்னு சொன்னா அது கேக்குமா? டிரைவ் கதவை மூடுத நேரத்துல ஹெட் எங்கன நிக்கும்னு ஒனக்குத் தெரியுமா? பொட்டு மேலயே போய் அமுங்கிச்சுன்னா ஹெட்டுல சந்தனம். பொறவு அந்த டிரைவ்ல போடுத ஒவ்வொரு ஃபிளாப்பியும் கீறல். மதுரைக்காரர் வார நேரத்துல நான் யாருகிட்டப் போய் நிக்க?"

அவர் சொன்னது சரி. என் பயம் எனக்குக் கிடைக்க வேண்டிய வேலையைப் பற்றி. அவர் பயம் அவருக்கு இருக்கிற வேலையைப் பற்றி. மற்றவர்கள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து, தங்கள் ஃபிளாப்பிகளை விரல் நுனியில் பிடித்தபடி வராந்தாவில் நின்றார்கள். பிறகு தோன்றியது.

"முதல்ல நல்ல ஃபிளாப்பி ஒண்ணைப் போட்டு அதுல என்னென்ன இருக்குன்னு கேப்போம்கா. அதைப் படிக்க ஹெட் வெளி ஓரத்துக்குப் போயாகணும். போன இடத்துலயே நிக்கும். அப்படியே கதவைத் திறந்து இதை மாத்திருவோம்."

அக்கா யோசித்தார். "அது சரி. ஆனா சுத்துதப்ப சந்தனம் உதிர்ந்து உள்துணி பூரா பரவும்லா?"

"அதுக்கு முன்னாடி துடைக்கணும்."

"நான் துடைக்கேன். நீ அங்கன தள்ளி நில்லு."

ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டவில்லை. அட்டையை லேசாக வளைத்துத் தலைகீழாகத் தட்டினார். பெரும்பகுதி செதிலாகப் பெயர்ந்து விழுந்தது. மிச்சத்தை, ஹெட் துடைக்கும் மருந்தில் பஞ்சை நனைத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தார். குங்குமம்தான் விடவில்லை. பஞ்சு சிவந்துகொண்டே வந்தது.

"பைய, அக்கா."

"நீ மூச்சை மேல விடாத."

கடைசியில் தகட்டில் மங்கலாக ஒரு வட்டம் மட்டும் நின்றது. அதைக் காயவைத்து, நான் சொன்ன மாதிரியே நல்ல ஃபிளாப்பியைப் போட்டு எடுத்து, இதை உள்ளே தள்ளிக் கதவை மூடினார். விளக்கு எரிந்தது. டிரைவ் கர்ரென்று சுற்றியது. டக் என்றது. மறுபடியும் டக். ஒரு வளையத்தைப் படிக்க முடியாவிட்டால் ஹெட் பின்னால் போய்விட்டு வந்து திரும்பப் பார்க்கும், அந்தச் சத்தம் இப்படித்தான் இருக்கும். திரையில், படிக்க முடியவில்லை, மறுபடி பார்க்கவா என்று கேட்கும் 'ரீட்ரை' என்ற வார்த்தை வரும் என்று நான் காத்திருந்தேன். வந்தது என் கோப்பின் பெயர்.

அக்கா முதல் காரியமாகப் புது ஃபிளாப்பி ஒன்றில் நகல் எடுத்தார். எடுத்த பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தார்.

திருத்தத்தை ஏற்ற நேரம் இல்லை. தேர்வாளர் அதற்குள் வந்துவிட்டார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத ஆள். என் முறை வந்தது. புரோகிராமை ஓட்டினேன். பாபநாசத்தில் தண்ணீர் திறந்தது. கன்னடியன், சுத்தமல்லி என்று திரையில் ஒவ்வொன்றாக நேரம் விழுந்தது. மதுரைக்காரருக்கு எங்கள் அணைக்கட்டுகளின் வரிசை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். தப்பு வரும் இடத்தை இவர் கவனிக்காமல் தாண்டிவிட்டால் போதும் என்று நினைத்தேன். அப்போது எனக்குப் பின்னால் நின்ற அக்கா, தன்னை அறியாமல் சொன்னார்.

"மருதூருக்கு முன்னாடி ஸ்ரீவைகுண்டத்துக்கு எப்படிப்பா தண்ணி போவும்?"

சொன்னதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். தேர்வாளர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"போகாது சார்," என்றேன். "இது பழைய நகல். திருத்தினது இன்னொரு ஃபிளாப்பில இருக்கு."

"அதைப் போடுங்க."

"அதைப் போட முடியாது சார்." பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பலகை, பூஜை, இரண்டு பொட்டு, வெளி வளையம், உள் வளையம். அவர் கெட்ட ஃபிளாப்பியைக் கேட்டு வாங்கினார். மூக்குக்கு அருகில் கொண்டுபோனார்.

"நல்ல சந்தனம்," என்றார். பிறகு, "சரி, திருத்துங்க. நான் இருக்கேன்."

முதல் முறை திருத்த எனக்கு ஒரு நாள் பிடித்திருந்தது. இப்போது எந்த வரி என்று தெரியும். ஆனாலும் விரல்கள் வேறு எழுத்துகளில் போய் விழுந்தன. இரண்டு முறை பிழை காட்டியது. மூன்றாவது முறை ஓட்டியபோது மருதூர் முதலில் வந்தது, ஸ்ரீவைகுண்டம் அடுத்து வந்தது. கடைசியாகப் புன்னக்காயலில் தண்ணீர் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர் புரோகிராமைப் பற்றி மேலே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கெட்ட ஃபிளாப்பியைக் காட்டி, "இதுல உங்க புரோகிராம் இப்ப இருக்கா, இல்லையா?" என்றார்.

"இருக்கு சார். இருக்குற இடத்தைச் சொல்றதுதான் அழிஞ்சுபோச்சு."

"ஒரு தடவை போட்டுத்தான் பார்ப்போமே."

"அது மட்டும் வேண்டாம் சார்," என்று அக்கா முன்னால் வந்து அதை வாங்கிக்கொண்டார்.

மாலையில் அக்காதான் படியிறங்கி வந்து சொன்னார். "திங்கக்கிழமை வந்துரு. வேலை ஒனக்குத்தான். ஆனா உங்கம்மாட்டச் சொல்லி வையி."

என்ன சொல்லி வைப்பது என்று பஸ் முழுக்க யோசித்தேன். இப்போது மூன்று ஃபிளாப்பி. புது நகலை அக்காவிடமே விட்டுவிட்டு, பொட்டு வாங்கிய இரண்டையும் திரும்ப வாங்கி வந்தேன். இருந்தும் ஸ்பீக்கருக்கு அடியில் உட்கார மனம் வரவில்லை.

வேலை கிடைத்ததைச் சொன்னதும் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார், யாரிடமாவது சொல்ல. அம்மா என் கையிலிருந்த ஃபிளாப்பியை வாங்கி, ஓரத்தில் இருந்த பொட்டைப் பார்த்தாள். அது அப்படியே இருந்தது. அதை யாரும் துடைக்கவில்லை.

"நல்லா ஓடுச்சாய்யா?"

"ஓடுச்சும்மா."

"பொட்டு வச்சது அதுக்குத்தான்." அதைப் பழைய இடத்திலேயே, பலகையில் சாத்தி வைத்தாள். இன்றுவரை அது அங்கேதான் இருக்கிறது. திருத்தம் ஏறிய சரியான புரோகிராம் அதற்குள் கலையாமல் படுத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். எடுத்துத் துடைத்துப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

சாப்பாடு போடும்போது அம்மா கேட்டாள். "அங்கன எத்தன மிஷினு உன் பொறுப்புல வரும்?"

"லேப்ல இருக்குறது எல்லாந்தான்."

அவள் கரண்டியோடு நின்று மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள்.

"அப்ப அடுத்த பூசைக்கு நானே சந்தனம் அரைச்சு எடுத்துட்டு வாரேன். எல்லாத்துக்கும் என் கையாலயே வச்சு விடுதேன்."

சோற்றில் கை வைத்தபடி, சரி என்று தலையாட்டினேன். அடுத்த பூஜைக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அத்தனை டிரைவ் வாயையும் எதைக் கொண்டு மூடி வைப்பது என்று அன்றைக்கே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.